ஏச்சு வளையல்

வடிவுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்த அன்று, ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து, இரண்டு கைகளிலும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்களை அடுக்கி முடித்து, பந்தியில் ஐந்து வகைச் சோறும் விழத் தொடங்கியிருந்தபோது, அவளுடைய மாமியார் பூலம்மாள் அவள் காதருகே குனிந்து, ஊருக்குக் கேட்காதபடியும் பக்கத்தில் நின்ற நாலு பேருக்குக் கேட்கும்படியும், "போன தடவ மாதிரி இதையும் முழுங்கிராத, மூதி" என்று சொன்னாள். சொல்லி வாயை மூடியதும் வடிவின் இடது மணிக்கட்டில் யாரும் போடாத வளையல் ஒன்று, விரல்களைக் கடந்து வராமல், இருந்த இடத்திலேயே கரும்பச்சையாக விளைந்து நின்றது.

பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். "நல்ல அழுத்தமான கலரு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "ஒத்தப்படையா இருந்துச்சே, இப்பம் ரெட்டப்படையாயிட்டே" என்று கவலைப்பட்டாள். அதைக் கேட்ட பூலம்மாள், "கூறுகெட்ட சிறுக்கி, கைய நேரா நீட்டேன்" என்றாள். இன்னொன்று விளைந்தது. கணக்குச் சரியானது. எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

போன தடவை என்று பூலம்மாள் சொன்னது, முந்தின வருடம் எட்டாம் மாதத்தில் அசையாமல் பிறந்த பிள்ளையை. அந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த பிறகு, பப்பாளி தின்றாளா, எள்ளுருண்டை தின்றாளா, மத்தியானத்தில் புளியமரத்தடியில் நின்றாளா என்று ஊரே அவளைக் கேட்டது. வாய்வழியாக உள்ளே போனதையெல்லாம் விசாரித்தவர்கள், காதுவழியாக என்ன போனது என்று கேட்கவில்லை. பொழுது விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை பீடித் தட்டை மடியில் வைத்து இலை சுருட்டிக்கொண்டு, இலை சிறுத்தால் ஒரு ஏச்சு, தூள் சிந்தினால் ஒரு ஏச்சு, கொண்டுவந்த நகை குறைந்ததற்கு ஒன்று, வாந்தியெடுக்கப் போன நேரத்துக்கு ஒன்று என்று அவள் வாங்கிச் சேர்த்ததை அவள் மட்டும் அறிவாள். இந்தப் பிள்ளை தன் அம்மா வீட்டில் பிறக்க வேண்டும், அது உயிரோடு பிறக்க வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

வளைகாப்பு முடிந்தால் மகளைத் தாய்வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் முறை. அவள் அம்மா செண்பகம் அதற்காகவே வேன் பிடித்து வந்திருந்தாள். கை கழுவி வந்த பூலம்மாள் வாசலில் நின்றுகொண்டு, "சாமி எறங்குன கையி, வாசப்படி தாண்டப்படாது மைனி" என்றாள்.

"எந்தச் சாமி மைனி?"

"வளையல் குடுத்த சாமி."

செண்பகம் மகளைப் பார்த்தாள், மருமகன் மாரிதுரையைப் பார்த்தாள், அவன் வேனைப் பார்த்தான். லோடு ஆட்டோ ஓட்டுகிறவன் என்பதால் வண்டியைப் பார்க்கிறபோது மட்டும் அவன் முகத்தில் ஒரு தெளிவு வரும். வேன் வெறுமனே திரும்பிப் போனது.

அதன் பிறகு ஏச்சுக்கு ஒரு வளையல் என்று வந்தது. பூலம்மாளின் ஏச்சு கரும்பச்சை. மாரிதுரை அதிகம் பேசுகிறவன் இல்லை, "த்தூ" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதற்கும் மெலிசாக ஒன்று புகைநிறத்தில் வந்தது. வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறியது, கை கனத்தது, கனத்த கையால் இலையைச் சுருட்ட முடியவில்லை, சுருட்ட முடியாததற்கு ஏச்சு விழுந்தது, அந்த ஏச்சுக்கும் வளையல் வந்தது. கழற்றிப் பார்த்தாள். சோப்புப் போட்டும் எண்ணெய் போட்டும் ஒன்றும் இறங்கவில்லை. ஒவ்வொரு வளையல் விளைகிறபோதும் உள்ளே பிள்ளை முழங்காலை மடக்கிக்கொண்டு சிறியதாவதை அவள் உணர்ந்தாள். அதைச் சொன்னபோது பூலம்மாள், "பிள்ளைக்கு வளையச் சத்தம் நல்லதுன்னுதான போடுதோம்" என்றாள்.

பிறகு தங்கபுஷ்பம் வந்தாள். அடுத்த தெருக்காரி, கல்யாணமாகிப் பல வருடமாகப் பிள்ளை இல்லாதவள், அதற்காக வாங்காத பெயரெல்லாம் வாங்கியவள். தாய்வீட்டுக்குத் தாண்டக் கூடாத வாசப்படியைத் தண்ணீருக்கு மட்டும் தாண்டலாம் என்பதால் குழாயடிக்கு வந்திருந்த வடிவை, குடம் வைக்கிற சண்டையில் அவள் "ஒண்ணக் கொன்னு தின்னவதானட்டி நீ" என்று கேட்டுவிட்டாள். மஞ்சளாக ஒரு வளையல் வந்தது. வந்த வளையல், எதற்கும் இறங்காத அந்தக் கையிலிருந்து தானாக வழுகி, குடத்தைப் பிடித்திருந்த தங்கபுஷ்பத்தின் கையில் ஏறிக்கொண்டது. ஏசினவளே கை நீட்டினால் மட்டும் வளையல் இறங்கும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அந்த மாதமே தங்கபுஷ்பம் தலை முழுகவில்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஊர் ஆச்சரியப்படவில்லை, வரிசையில் நின்றது. செவ்வாயும் வெள்ளியும் என்று நாள் குறித்தார்கள். பிள்ளை வரம் வேண்டியவர்கள் தலைக்குக் குளித்து, ஒருபொழுது இருந்து, செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, தேங்காய் பழத்தோடு உள்ளே வந்து, நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்த வடிவைக் கும்பிட்டு, கும்பிட்ட கையோடு ஏசினார்கள். பூலம்மாள் காசு வாங்கவில்லை. அது பாவம் என்றாள். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்காமல் ஆளுக்குக் கொஞ்சம் பீடி சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றாள். வாசலில் பாய் விரித்து, தட்டும் இலையும் தூளும் வைத்துவிட்டாள். மருமகள் சுருட்டாமல் நின்றுபோன கட்டுகளைவிட இப்போது அதிகமாகவே பீடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

மனதில்லாமல் ஏசினால் வளையல் நூல்போல வந்து, கையில் ஏறும் முன்பே உதிர்ந்தது. ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டின் மனைவி, "நீ ஒரு சரியில்லாத பெண்மணி" என்று ஏசிப் பார்த்தாள். வந்தது வளையல் என்று சொல்லும்படி இல்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "எக்கா, ஒன்னைய யாரும் ஏசுனதே இல்லியா? அத நெனச்சுக்கிட்டு ஏசு" என்றாள் ஒருத்தி. ஏஜெண்டின் மனைவி கண்ணை மூடினாள். பிறகு கண்ணைத் திறக்காமலே, வடிவுக்குத் தெரியாத ஒரு வீட்டில் வடிவுக்குத் தெரியாத ஒருவர் வாயிலிருந்து எப்போதோ விழுந்த சொற்களை, விழுந்த அதே குரலில், நிறுத்தாமல் சொன்னாள். தடித்த சிவப்பு வளையல் வந்தது. அவள் அழுதுகொண்டே வாங்கிப் போனாள். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள். தாங்கள் மசக்கையில் கிடந்தபோது கேட்டதை, பெண்பிள்ளை பெற்ற அன்று கேட்டதை, பெறாத வருடங்களில் ஒவ்வொரு வீட்டு விசேஷத்திலும் கேட்டதை, ஒன்றைக்கூட மறக்காமல் கொண்டுவந்து, நாற்காலியில் இருந்தவள் மடியில் கொட்டிவிட்டு, கை நிறைய இல்லாவிட்டாலும் ஒரு வளையலோடு, லேசாகி வீட்டுக்குப் போனார்கள். வீட்டார் வளையல்களை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவை தோள்வரை ஏறிவிட்டன.

ஒரே ஒரு நாள் வடிவு பதில் பேசினாள். தூள் நனைந்துவிட்டது என்று பூலம்மாள் ஏசியபோது, "மழையையும் நாந்தான் பெய்ய வச்சனா?" என்று கேட்டாள். முழங்கைக்கு மேலே ஒரு வளையல் சிலீரென்று உடைந்து விழுந்தது.

பூலம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடியது. தாலி கட்டின பொம்பளை கையில் வளையல் உடைந்தால் யாருக்கு ஆகாது என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரிதுரையை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முச்சந்தி மண் எடுத்துச் சுற்றிப்போட்டார்கள். "ஏட்டி, எம் மவன் உசுரு ஒங் கையில கெடக்கு, ஒரு வார்த்த பேசுன..." என்று சொல்லி, பிள்ளை பிறக்கிறவரை மௌன விரதம் என்று அவள் வாயைக் கட்டினார்கள். அன்றுமுதல் மாரிதுரை, வாசலில் வண்டியை எடுக்கிறபோது மனைவி வாயசைப்பதுபோலத் தெரிந்தாலே எஞ்சினை நிறுத்திவிடுவான். கொட்டாவிக்குக்கூட நிறுத்தினான்.

வடிவு பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பவளை ஏசுவது இன்னும் வசதியாக இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து, உளவியல் படித்த ஹேமலதா மேடமும் இரண்டு மாணவிகளும். கர்ப்பிணியின் மனக்கஷ்டம் பிள்ளையைப் போய்ச் சேருகிறதா, சேர்ந்தால் எவ்வளவு என்பது அவர்கள் ஆராய்ச்சி. மனக்கஷ்டம் எச்சிலில் தெரியும் என்று சின்னக் குழாய்களில் எச்சில் வாங்கினார்கள், கேள்விகள் கேட்டார்கள். மேடத்தின் குரல் மிகவும் மெதுவானது. அந்த வீட்டில் அந்த அளவு மெதுவான குரலை வடிவு கேட்டு வெகுநாளாகியிருந்தது.

"போன மாசத்துல, மனசு தாங்க முடியாத மாதிரி எப்பவாவது தோணுச்சாம்மா? ஒருபோதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி. இதுல எது?"

மௌன விரதம் என்பதால் பூலம்மாள் பதில் சொன்னாள். "அடிக்கடில்லாம் இல்ல மேடம். ஒருபோதும் இல்லன்னு போட்டுக்கிடுங்க."

"வீட்ல உங்களுக்கு ஆறுதலா இருக்கிறது யாரு?"

"நாந்தான்" என்றாள் பூலம்மாள்.

வளையல்களைப் பார்த்ததும் மேடம் கேள்வித்தாளை மடியில் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருடமாகப் பெண்கள் வாயால் சொல்வதை நம்பி, சொல்லாததை ஊகித்து, எச்சிலைக் கலக்கிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த ஒன்று, இங்கே எண்ணக்கூடியதாக, நிறத்தோடு, கனத்தோடு கையில் கிடந்தது. செவ்வாயும் வெள்ளியும் அவர் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் ஏசினார்கள், எவ்வளவு தடிமனாக வந்தது என்று குறித்துக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏச்சு வாங்காத கர்ப்பிணிகள் சிலர் வேண்டும் என்று மாணவிகளை அனுப்பினார். அவர்கள் அந்த ஊரில் தேடினார்கள், பக்கத்து ஊரில் தேடினார்கள், ஆற்றுக்கு அக்கரையில் போய்த் தேடினார்கள், மாடிவீடுகளில் தேடினார்கள், வேலைக்குப் போகிறவர்களிடமும் போகாதவர்களிடமும் தேடினார்கள், வெயிலில் கறுத்துத் திரும்பிவந்து, "கிடைக்கல மேடம்" என்றார்கள். தங்கபுஷ்பம் ஒருத்தியாவது தேறுவாள் என்று போனபோது, அவள் மாமியார், இவள் கையிலும் வளையல் விளைகிறதா என்று பார்ப்பதற்காக அவளைக் காலையிலிருந்து ஏசிக்கொண்டிருந்தாள். விளையவில்லை. அதற்காகவும் ஏசினாள்.

பூலம்மாள் தண்ணீர் பிடிக்கப் போன ஒரு பொழுதில் வடிவு மேடத்தின் கையைப் பிடித்து, உதடு அசையாமல், "மேடம், என்னைய எங்க அம்ம வீட்டுல கொண்டு விட்டுருங்க. பிள்ள உள்ள சுருங்கிக்கிட்டே வருது" என்றாள்.

மேடத்தின் கண் கலங்கியது. அதில் பொய் இல்லை. "நாங்க நடுவுல தலையிடக் கூடாதும்மா. தலையிட்டா முடிவு மாறிரும்" என்றார்.

"மாறட்டுமே மேடம்."

"உங்களை மாதிரி ஆயிரம் பேருக்கு நாளைக்கு இது உதவும். நீங்க மூச்சை ஆழமா இழுத்து, மெதுவா விடுங்க. நல்லதையே நினைங்க. புல்லாங்குழல் இசை போன்ல அனுப்பறேன்."

அவர் ஏசவில்லை. குரல்கூட உயரவில்லை. இருந்தும் வடிவின் கையில் தண்ணீர் நிறத்தில் ஒரு வளையல் வந்தது. மேடம் அதைப் பார்த்தார். தவறாக வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, அதை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை.

ஒன்பதாம் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலையில் காபி குடித்ததும் உதைக்கிற பிள்ளை உதைக்கவில்லை. வடிவு இடதுபக்கம் சரிந்து பார்த்தாள், குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தாள், வயிற்றில் கைவைத்துக் காத்திருந்தாள். வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. வெயில் வாசலுக்கு வந்தபோது அவள் விரதத்தை விட்டு, "அத்த, பிள்ள அசையல. ஆஸ்பத்திரிக்குப் போணும்" என்றாள்.

அது ஏச்சில்லை என்பதால் ஒன்றும் உடையவில்லை. பூலம்மாள் மகனைப் பார்த்துக்கொண்டாள், அவன் நின்றுகொண்டுதான் இருந்தான். "தென்காசியிலேருந்து வேன் போட்டு வந்து பசியோட நிக்காவ. அவிய ஏசிட்டுப் போவட்டும். பொறவு போவலாம்" என்றாள்.

"பிள்ள அசையல, அத்த."

"பிள்ள ஒறங்கும். வாய மூடு, நாசமாப் போறவளே."

வளையல் விளைந்தது. பிள்ளை முழங்காலை மடக்கவில்லை. மடக்குவதற்குக்கூட உள்ளே யாரும் அசையவில்லை.

வடிவு எழுந்து நின்றாள்.

"ஏ பூலம்மா" என்றாள்.

அந்தத் தெருவில் எந்த மருமகளும் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோளுக்குக் கீழே முதல் வளையல் உடைந்தது.

"ஏ பூலம்மா, ஒம் மாமியா ஒன்னைய ஏசுன ஏச்ச இத்தன வருசம் முந்தானையில முடிஞ்சு வச்சிருந்து எங் கையில ஏத்திட்டியே, அன்னைக்கு ஒனக்கு வலிச்சிச்சா வலிக்கலியா, அத மொதல்ல சொல்லு. செத்த பிள்ளய நானா முழுங்குனேன், தலை சுத்துதுன்னு சொன்னப்பம் பீடி குறையுதுன்னு சொன்னவ யாரு? ஏ மாரிதுரை, ஓடாத, நில்லு, ஒன் உசுரு எங் கையிலதான் இருக்குன்னா அந்தக் கைய இப்பிடியாலே வச்சிருப்ப? ஒன் ஆட்டோவத் தொடைக்கிற துணியாலயாவது ஒருநா எம் மொகத்தத் தொடச்சிருப்பியா? ஏட்டி பிள்ளவரம் கேட்டு வந்தவளுவளா, வயித்துப்பிள்ளக்காரிய ஏசிப் பிள்ள கேக்கியளே, நாளைக்கு ஒங்க வயித்துல ஒண்ணு தங்குனா ஒங்க வாசல்ல எத்தன பேரு நிப்பா? ஒங்கள ஏசுனவன் வீட்டு வாசல் ஒங்களுக்குத் தெரியாதா, அங்க போயி நிக்க பயம், இங்க வந்து நிக்க மட்டும் விரதமாக்கும்? மேடம், எண்ணி முடிச்சிட்டியளா, எரியுத வீட்டுல எத்தன ஓலன்னு எண்ணுதியளே, ஒரு குடம் தண்ணி ஊத்துனா கணக்கு கெட்டுப் போவும், அப்பிடித்தான?"

ஒரு சொல்லுக்கு ஒன்று, சில சொல்லுக்கு இரண்டு மூன்று என்று, தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும், கரும்பச்சையும் புகைநிறமும், வளைகாப்பன்று அடுக்கிய சிவப்பும் பச்சையும், யாரும் கேட்காத தண்ணீர் நிறமும், வெடித்துச் சிதறித் தரையெல்லாம் கொட்டின. பூலம்மாளால் ஓடிவந்து அவள் வாயைப் பொத்த முடியவில்லை. வரிசைப் பெண்களாலும் நெருங்க முடியவில்லை. பக்தியோடு செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வந்தவர்கள், கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து சுவரோடு ஒட்டி நின்றார்கள். கால் வீங்கியிருந்ததால் ரப்பர் செருப்புப் போட்டிருந்தவள் வடிவு ஒருத்திதான். அவள் அதன் மேல் நடந்து வாசலுக்கு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. வளையல் பதிந்த தடம் மட்டும் தோள்வரை வரிவரியாக இருந்தது.

மாரிதுரை நெஞ்சில் கைவைத்தபடி நின்றிருந்தான். "எம்மா, நான் இருக்கனா?" என்று கேட்டான். பூலம்மாள் அவன் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தாள். "இருக்கலே" என்றாள். அதைச் சொன்னபோது அவள் குரலில் மகிழ்ச்சி வரவில்லை. இத்தனை வருடம் யாரோ தன்னை ஏமாற்றிவிட்டதுபோல, வளையல் உடையாமல் பார்த்துப் பார்த்துக் காத்த தன் கையைப் பார்த்தாள்.

தெருமுனையில் ஷேர் ஆட்டோவை மறித்து நின்றது தங்கபுஷ்பம். "ஏறு வடிவு, நான் கூட வாரேன்" என்றாள். வடிவு பார்த்த பார்வையைக் கண்டு, தங்கபுஷ்பமே, "ஏசணும்னா போற வழியில ஏசு, இப்பம் ஏறு" என்றும் சொன்னாள். வழி நெடுக வடிவு ஏசினாள். தங்கபுஷ்பத்தின் கையிலிருந்த மஞ்சள் வளையலும் வழியிலேயே உடைந்தது. அவள் தன் வயிற்றைப் பிடித்துப் பார்த்தாள், அது அப்படியேதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவி வைத்துப் பார்த்தவர்கள், துடிப்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது, கர்ப்பவாயும் திறந்திருக்கிறது, உடனே பிள்ளையை வெளியே கொண்டுவர வேண்டும் என்றார்கள். வலி வர ஊசி போட்டு, பிரசவ அறைக்குள் கொண்டுபோனார்கள். வலி வந்து அவள் கத்தியபோது, அங்கே இருந்த நர்ஸ், அந்த அறையில் அந்தக் கட்டிலில் படுத்த எல்லோரும் கேட்டிருக்கிற கேள்வியை அவளிடமும் கேட்டாள். "புருசன்கூட இருக்கையில இப்பிடிக் கத்துனியா?"

வெறுங்கையில் வளையல் ஒன்று முளைத்து, பிறைபோல வளைந்து, இரு முனையும் சேர வந்தது.

"சிஸ்டர்" என்றாள் வடிவு, பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒங்களுக்குப் பிள்ள பெறக்கையில ஒங்கள இப்பிடிக் கேட்டது யாரு? அவகிட்டப் போய்த் திருப்பிக் குடுங்க. எங்கிட்டத் தராதிய."

சேராத வளையல் சேராமலே உடைந்தது. நர்ஸ் குனிந்து, கட்டிலில் கிடந்த சில்லை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, அதன் பிறகு தேவையானதை மட்டும் பேசினாள்.

பெண்பிள்ளை. நீலம் பாரித்து, இரண்டு முழங்காலையும் மார்போடு மடக்கி, மூடின கைகளோடு வந்தது. தலைகீழாகப் பிடித்தார்கள், முதுகைத் தேய்த்தார்கள், காலில் சுண்டினார்கள். பிறகு அது கால்களை நீட்டியது. வாயைத் திறந்தது.

பிறந்த பிள்ளைகள் அழுவதுபோல அது அழவில்லை. விட்டுவிட்டு, ஆளாளுக்கு ஒன்று என்பதுபோல, ஏறியும் இறங்கியும், மூச்சு வாங்கி மறுபடியும், மூடின கையைத் திறந்து நீட்டி நீட்டி அழுதது. அந்தச் சத்தம் அறைக்கதவைத் தாண்டி நடைக்கு வந்தது. தங்கபுஷ்பம் போனில் சொன்னதைக் கேட்டு ஓட்டமும் நடையுமாக நடைக்கு வந்து சேர்ந்திருந்த செண்பகம் சுவரில் சாய்ந்து சிரித்தாள். பூலம்மாளும் மாரிதுரையும் இருந்தார்கள். வளையல் கிடைக்காமல் ஆஸ்பத்திரிவரை வந்துவிட்ட தென்காசிப் பெண்கள் இருவர், செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றார்கள். ஹேமலதா மேடம் கையில் காலிக் குழாயோடு நின்றார். சத்தம் ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பியபோது ஒவ்வொருவரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

நெடுநேரமாகியும் அது நிற்கவில்லை. பூலம்மாள் பொறுக்கமாட்டாமல் கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "ஏட்டி, பாலக் குடுத்து அமத்தேன். தொண்ட கிழிஞ்சிரப் போவுது" என்றாள்.

வடிவு பிள்ளையை நெஞ்சில் போட்டிருந்தாள். அமர்த்தவில்லை. அதன் முதுகில் கைவைத்து, கதவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள்.

"பொறுங்க" என்றாள். "அவ ஏசி முடிக்கட்டும்."